கம்பிக் கூண்டும் கடல் காற்றும்

பூங்காக்களில் குழந்தைகள் ஏறித் தொங்கும் கம்பிக் கூண்டு, அதாவது ஜங்கிள் ஜிம், கணிதப் பாடத்திலிருந்து பிறந்தது. பிரிட்டன் கணிதர் சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது, தம் பிள்ளைகளுக்காக மூங்கில் கழிகளால் ஒரு சட்டம் கட்டினார். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் எண் உண்டு. எண்களைச் சொன்னதும் பிள்ளைகள் உரிய முடிச்சுக்கு ஏறிப் போக வேண்டும். மூன்று பரிமாணம் உடம்புக்குப் பழகினால் நான்காவதும் பிடிபடும் என்பது அவர் கணக்கு. மகன் செபாஸ்டியன், சிகாகோவில் காப்புரிமை வழக்கறிஞர், 1920இல் இதை விளையாட்டுக் கருவியாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1923 அக்டோபரில் காப்புரிமை வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

கூண்டின் வசதி, கை வழுக்கினால் பக்கத்திலேயே இன்னொரு கம்பி இருப்பது. அதுவே ஆபத்தும்: விழும் குழந்தை உள்கம்பிகளில் மோதிக்கொண்டே இறங்கும். நடுவே கம்பி இல்லாத குவிமாடங்களிலும் கயிற்று வலைகளிலும் இந்த ஆபத்து குறைவு. இடைவெளிக்கும் கணக்கு உண்டு. சுமார் 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையுள்ள சந்தில் குழந்தையின் உடல் கால்வழியாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஆகவே சந்து இதைவிடக் குறுகலாகவோ அகலமாகவோ இருக்க வேண்டும். கீழே சிமென்ட் தரை கூடாது. ஆழமாகக் கொட்டிய மணல் நல்லது.

கடலோரப் புதுச்சேரியில் இந்தக் கூண்டுகளுக்கு இன்னொரு எதிரி, உப்புக் காற்று. அங்குள்ள பாரதி பூங்காவிலிருந்து கடற்கரைச் சாலைக்குச் சில நிமிட நடைதான். கம்பியில் படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தே கிடக்கும். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்து போயிருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். முழுச் சட்டத்தையும் வெல்டிங் முடித்த பிறகு, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதே சரியான முறை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அடிக்கும் பெயின்ட் பளபளப்புக்கு உதவும், அவ்வளவுதான்.

துருவைத் தேட வேண்டியது கண்ணுக்கு எட்டும் உயரத்தில் அல்ல. கால் குழாய் மணலுக்குள் இறங்கும் இடத்தில். அங்கே பெயின்ட் கொப்புளித்திருந்தால் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்தது மங்கிய சத்தம் தரும், சில சமயம் சுத்தியலே உள்ளே இறங்கிவிடும். குழாய் முனையை மூடாமல் விட்டால் மழைநீர் உள்ளே தேங்கி, வெளியே தெரியாமலேயே அரிக்கும்.