உதிரும் ராஸ்பெரியும் ஒளிந்திருக்கும் வைரஸும்

நன்கு பழுத்த ராஸ்பெரியைப் பறித்தால், அதன் சிறு மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குல்லாயைப் போல முழுதாகக் கழன்று வரும். வைரஸ் தாக்கிய செடியில் சில மணிகள் உருவாகாமலே போய்விடுகின்றன. மற்ற மணிகளுக்குப் பிடிப்பு இருக்காது. விரல் பட்டதுமே பழம் உதிரும். இதற்கு முக்கியமான காரணம் ‘ராஸ்பெரி புஷி டுவார்ஃப்’ வைரஸ். மகரந்தத்தில் ஏறிப் பூவுக்குப் பூ பரவும் அதைத் தடுக்கத் தேனீக்களை விரட்டவும் முடியாது; அவை வராவிட்டால் விளைச்சல் குறைந்துவிடும்.

இலையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட முடியாதா? பல சமயம் முடியாது. நோயுற்ற செடியும் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும்.

ஸ்ட்ராபெரியிலும் இதே சிக்கல். அங்கே காட்டு ஸ்ட்ராபெரிதான் காட்டிக்கொடுக்கும் செடி. சோதிக்க வேண்டிய செடியின் இலை ஒன்றைக் கிள்ளி, காம்பைக் கூராகச் சீவி, காட்டுச்செடியின் இலைக்காம்பில் கீறிய பிளவுக்குள் செருகிக் கட்டுவார்கள். வைரஸ் இருந்தால், சில வாரங்களில் காட்டுச்செடியின் புதுத்தளிர் சுருண்டோ மஞ்சள் பூத்தோ வரும்.

1977இல் தாவர வைரஸ்களுக்கு வந்த எலைசா சோதனை காத்திருப்பை வெகுவாகக் குறைத்தது. வைரஸின் புரத உறையைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் தடவிய குழியில் இலைச்சாற்றை விடுவார்கள். வைரஸ் இருந்தால், கடைசியாகச் சேர்க்கும் கரைசல் மஞ்சளாக மாறும். வைரஸின் மரபுப்பொருளை, பெரும்பாலும் ஆர்என்ஏவை, தேடும் பிசிஆர் சோதனை இன்னும் நுட்பமானது. மிகக் குறைந்த அளவு வைரஸையும் பிடித்துவிடும். ஆனால் பெர்ரி இலைகளில் மண்டியிருக்கும் பாலிஃபீனால்கள் சோதனைக்கான நொதியையே முடக்கிவிடும் என்பதால், முதலில் ஆர்என்ஏவை அலசிச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

இந்த இரண்டு சோதனைகளும் தேடும் வைரஸ் இன்னதென்று தெரிந்தால்தான் பயன்படும்.

2000ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பிளாக்பெரி இலை நரம்புகள் மஞ்சளாயின. புகையிலை வளையப்புள்ளி வைரஸ்மீதுதான் முதல் சந்தேகம். நோயுற்ற செடிகள் பலவற்றில் அது இல்லை. துருவியபோது அதுவரை அறியாத வைரஸ்கள் அகப்பட்டன. அவற்றில் பல, தனியாகத் தொற்றினால் பிளாக்பெரியில் அறிகுறியே காட்டுவதில்லை. இரண்டு மூன்று கூட்டுச்சேர்ந்தால்தான் செடி நலிகிறது.

இத்தகைய கூட்டுத்தொற்றை அவிழ்க்க, இன்று செடியிலுள்ள ஆர்என்ஏ முழுவதையும் இயந்திரம் வாசிக்கிறது. செடிக்கு உரியதைக் கழித்துவிட்டு எஞ்சியதில் தேடினால், பெயரே இல்லாத வைரஸும் சிக்கும்.

நாற்றங்காலில் ஒரே தாய்ச்செடியிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகள் எடுக்கிறார்கள். தாயிடம் உள்ள வைரஸ் அத்தனை தோட்டங்களுக்கும் போகும். அதனால் நோயுள்ள அரிய ரகங்களை வெப்ப அறையில் வளர்த்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குருத்து நுனியை மட்டும் வெட்டித் திசு வளர்ப்பில் வைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த நுனிக்கு வைரஸ் எட்டியிருக்காது. அதில் முளைத்த செடியையும் மறுபடி சோதித்த பிறகே தாய்ச்செடியாக ஏற்கிறார்கள்.