தும்மலுக்கு யார் பொறுப்பு? எண்ணிப் பார்த்தால் தெரியும்

இலவம் பஞ்சு பறக்கும் நாளில் தும்மல் வந்தால் பஞ்சைத் திட்டுகிறோம். வாசலில் செம்பருத்தி பூத்திருந்தால் அதன்மேல் சந்தேகம். பஞ்சோ விதையோடு பறக்கும் வெறும் இழை. அது மகரந்தம் இல்லை. செம்பருத்தியின் மகரந்தம் பருமனும் பிசுபிசுப்பும் கொண்டது, பூச்சியும் பறவையும் சுமந்தால்தான் நகரும். மூக்கைப் படுத்துபவை பெரும்பாலும் நாம் பூவென்றே மதிக்காத பூக்கள். புல்லும் சவுக்கும் காற்றையே நம்பியிருப்பதால் மகரந்தத்தை வாரி இறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூளைப் பற்றி நுண்ணோக்கியைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

இங்கிலாந்தில் கோடைக்காலத் தும்மலுக்கு ஒருகாலத்தில் வெயில்மேல் பழி விழுந்தது. அந்தத் தொல்லையால் தானும் அவதிப்பட்ட மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, பசை தடவிய கண்ணாடித் தகடுகளை வெளியில் வைத்தார். பட்டத்தில் கட்டி உயரேயும் அனுப்பினார். ஒட்டிய மகரந்தத்தை எண்ணி, நோயின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டு 1873இல் நூலாக்கினார். 1952இல் ஹிர்ஸ்ட் என்ற ஆய்வாளர் வடிவமைத்த பொறி அந்த முறையைக் கூர்மையாக்கியது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை அது உறிஞ்சும். உள்ளே பசை தடவிய பரப்பு மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். ஆகவே எந்தத் துகள் எத்தனை மணிக்கு வந்தது என்பதுகூடப் பதிவாகிவிடும். ஃபுக்சின் சாயம் சேர்த்தால் மகரந்தம் இளஞ்சிவப்பாகும், புகைக்கரி கறுப்பாகவே நிற்கும். 400 மடங்கு பெரிதாக்கினால் புல்லின் மகரந்தம் உருண்டையாக, தடித்த விளிம்புள்ள ஒற்றைத் துளையோடு தெரியும். சவுக்குக்கு மூன்று துளை, முக்கோணச் சாயல். பார்த்தீனியத்துக்கு உடம்பெல்லாம் முள்.

புல்வகைகளின் மகரந்தம் ஒன்றுபோலவே இருக்கும், அருகையும் மற்றொரு புல்லையும் பிரிக்க முடியாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு புல்லுக்கு ஒவ்வாதவருக்கு அதன் உறவுப் புற்களும் பெரும்பாலும் ஒவ்வாதவையே; குடும்பம் தெரிந்தாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. இவ்வளவு பெரிய துகள் நுரையீரலுக்குள் போகாது என்பது இன்னும் வலுவான வாதம். முழுத்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும் என்பது சரி. ஆனால் 2016 நவம்பர் 21இல் மெல்போர்னில் இடிமழைக் காற்று வீசியபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினர். பத்துப் பேர் இறந்தனர். ஈரத்தில் புல் மகரந்தம் வெடித்துச் சிதறிய நுண்துணுக்குகள் நுரையீரல் வரை சென்றதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் நகரங்களில் தூசியும் வாகனப்புகையும்தானே பெரிய எதிரி என்று கேட்கலாம். இருக்கலாம். எதன் பங்கு எவ்வளவு என்பதை எண்ணாமல் எப்படிப் பிரிப்பது?

சண்டிகருக்கு மகரந்த நாட்காட்டி வந்துவிட்டது. அங்குள்ள மரமும் பருவமும் வேறு. அதை எடுத்துச் சென்னைக்கோ மதுரைக்கோ பொருத்த முடியாது. மழையளவைத் தினமும் அறிவிப்பதுபோல மகரந்த அளவையும் நம் ஊர்களில் அறிவிக்க வேண்டும். ஒரு பொறியும் ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் ஒரு கல்லூரித் தாவரவியல் துறையே இதைத் தொடங்கிவிடலாம்.