சாம்பல் பச்சையா, பச்சைச் சாம்பலா?

"டாக்டர், அத்தை ரூமுக்கு பெயின்ட் அடிக்கப் போறோம். இதுல எது கண்ணுக்கு நல்லது?"

ஒரு பெண்மணி என் மேஜையில் இரண்டு அட்டைகளை வைத்தார். ஒன்று சாம்பல் கலந்த பச்சை. மற்றது பச்சை கலந்த சாம்பல். பார்த்தவுடன் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை!

இதை வைத்தியரிடம் ஏன் கேட்க வேண்டும் என்கிறீர்களா? சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நிறமும் ஒன்று, விழியும் ஒன்று. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும். அடர்பச்சை அறையில் ஆரோக்கியமானவர்கூட வெளிறித் தெரிவார். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் காமாலையே கண்ணுக்குத் தப்பிவிடும். பச்சைக் குழந்தை உள்ள வீட்டில், குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

அட்டையை வெள்ளைக் காகிதத்தின் மேல் வையுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் பச்சையோ நீலமோ வெளியே தெரியும். பிறகு, சாம்பிள் வாங்கி இரண்டு சுவர்களில் இரண்டடிச் சதுரத்துக்கு இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்தபின் காலை, மதியம், இரவு விளக்கு என மூன்று வேளையும் பாருங்கள். காலையில் சாம்பலாக இருந்தது இரவில் பச்சையாகலாம். இருட்டான அறைக்கு இரண்டில் வெளிர்ந்ததே நல்லது.

முதியவர்கள் அறை என்றால் இன்னொரு விஷயம். வயதாக ஆக, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். நீலம், பச்சை வித்தியாசம் மங்கும். சுவர், தரை, கதவு எல்லாமே சாம்பலாக இருந்தால், சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். தரையிலிருந்து எது நன்றாகப் பிரிந்து தெரிகிறதோ, அதை எடுங்கள்.

"பச்சைன்னா உடம்புக்குக் குளிர்ச்சிதானே?" என்பார்கள். சுவர் நிறம் பித்தத்தைத் தணிக்காது! 1775-ல் ஷீலே கண்டுபிடித்த அழகான பச்சைச் சாயம் ஆர்சனிக் கலந்தது. நாம் பாஷாணம் என்று சொல்லும் வகை. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீட்டுச் சுவர்க் காகிதங்களில் அதைத்தான் பூசினார்கள். ஆக, நிறத்தைவிட அதில் கலந்திருப்பதே முக்கியம்.

நம் நாட்டில் 2017 நவம்பர் முதல், வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்க வேண்டாம்.

கடைசியாக அந்தப் பெண்மணியிடம் கேட்டேன்: "அத்தைகிட்ட காட்டினீங்களாம்மா?"

"இல்லையே டாக்டர்..."

"முதல்ல அவங்களைக் கேளுங்க. அந்த ரூம்ல இருக்கப் போறது அவங்கதானே!"