ஒற்றைப் பாத்திரத்துச் சோறு: காரைக்காலில் அன்றும் இன்றும்

காரைக்காலில் மதியச் சாப்பாட்டின் கதை மிகப் பழையது. பின்னாளில் காரைக்கால் அம்மையார் எனப்பட்ட புனிதவதியார் வீட்டுக்குப் பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு வெந்துவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. கணவன் அனுப்பிவைத்த இரண்டு மாங்கனிகளில் ஒன்றை இலையில் வைத்துச் சோற்றோடு படைக்கிறார். சேக்கிழார் பாடிய அந்த நிகழ்ச்சியை ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவாக ஊரே கொண்டாடுகிறது. பிச்சாண்டவராகச் சிவன் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். எனக்கு அந்தக் கதையில் அடுப்படி நிலவரம்தான் முதலில் கண்ணில் படும். கறிக்கு நேரமில்லை, ஆனாலும் வந்தவருக்கு வயிறு நிறைய வேண்டும். அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குத் தினமும் மதியம் இதே நிலவரம்தான்.

வெளியூர்ப் பிள்ளைகள் இத்தனை பேர் இங்கே படிக்க வந்தது பிற்பாடுதான். 1987-இல் வேளாண் கல்லூரி தொடங்கியது. இன்று அது செருமாவிலங்கையில் இருக்கிறது. 2010-இல் என்.ஐ.டி. தொடங்கியது, அதன் வளாகம் திருவேட்டக்குடியில். 2016-இல் ஜிப்மர் கிளை. அதற்கு முந்தைய தலைமுறையில் மாணவர் என்றால் பெரும்பாலும் நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். சைக்கிளிலோ பஸ்ஸிலோ வந்து சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள். மதியத்துக்குக் கையில் எவர்சில்வர் டப்பா இருக்கும். மீன் மணக்கும் கடற்கரை ஊர்தான். ஆனால் குழம்பு டப்பாவில் ஒழுகும், பைக்குள் வாடை ஏறும். அதனால் மீன் சாப்பிடுகிற வீட்டிலிருந்தும் டப்பாவில் வருவது அநேகமாகச் சைவம்தான்.

அந்த டப்பாவில் எனக்கு இன்றும் வியப்பூட்டுவது தயிர்சாதம். தயிரைப் போட்டுப் பிசைந்து கொடுத்தால் வெயிலில் மதியத்துக்குள் புளித்துப்போகும். ஆகவே காலையில் சோற்றை நன்றாகக் குழைத்து, காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, பேருக்கு ஒரு கரண்டித் தயிர் மட்டும் விடுவார்கள். சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகுதான் தயிர் விடலாம். கொதிக்கக் கொதிக்க விட்டால் திரிந்துபோகும். டப்பா பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து, நான்கு பாடவேளை முடிவதற்குள் உள்ளே பால் தயிராகியிருக்கும். திறந்து சாப்பிடும்போது அது புதுத்தயிர்.

அறை எடுத்துத் தங்கிய சிலருக்குத் திரி ஸ்டவ்தான் கதி. திரியைச் சரியாகக் கத்தரிக்காவிட்டால் சுடர் மஞ்சளாகி அலுமினியப் பாத்திரத்தின் அடி முழுக்கக் கரி அப்பும். சோற்றில்கூட மண்ணெண்ணெய் வாடை. இருப்பது ஒரே அடுப்பு. சோற்றை வடித்து இறக்கிவிட்டுக் குழம்பு வைக்க நேரமும் இல்லை, எண்ணெயும் கட்டுப்படி ஆகாது. அங்கேதான் வீட்டிலிருந்து வந்த பாட்டில்கள் கைகொடுத்தன. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எள்ளுப்பொடி.

புளிக்காய்ச்சலைப் பதமாகக் காய்ச்சுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கெட்டியான புளிக்கரைசலை ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீரெல்லாம் சுண்டி எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை கொதிக்கவிட வேண்டும். வறுத்த வெந்தயப்பொடி இறக்கும்போது. புளிப்பு, உப்பு, மேலே மிதக்கும் எண்ணெய் எல்லாம் சேர்ந்து அதை வாரக்கணக்கில் காக்கும். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. எள்ளுக்கு இந்தப் பக்கம் கேட்கவே வேண்டாம், திருநள்ளாறு சனீஸ்வரன் சந்நிதியில் எள்ளுச்சாதம்தான் நைவேத்தியம். எள்ளும் உளுந்தும் மிளகாயும் வறுத்து இடித்த பொடி இரண்டு கரண்டி இருந்தால் சூடான சோற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை.

இன்றைக்கு மண்ணெண்ணெய் வாடை போய்விட்டது. அறையில் ரைஸ் குக்கரோ, கெட்டிலோ, இண்டக்‌ஷன் அடுப்போ இருக்கிறது. வசதி கூடியிருக்கிறது, ஆனால் பாட்டில் வருவது குறைந்துவிட்டது. பல பிள்ளைகள் மதியத்தை டீயிலும் பிஸ்கட்டிலும் கழிக்கிறார்கள். கையில் காசு இருக்கிற நாளில் பார்சல். அதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ரைஸ் குக்கரின் குணம் தெரிந்துகொண்டால் போதும். தண்ணீர் இருக்கும் வரை உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வற்றிச் சூடு ஏறியதும் ஸ்விட்ச் தானே விழும். அழுத்தம் இல்லாததால் துவரம்பருப்பு அதில் சீக்கிரம் மசியாது. பாசிப்பருப்பு மசியும். சாம்பார்சாதத்துக்கு அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், சின்ன வெங்காயம், சாம்பார்பொடி, ஒரு பிடி முருங்கைக்கீரை. புளித்தண்ணீரை மட்டும் பருப்பு வெந்தபிறகே ஊற்ற வேண்டும், முதலிலேயே ஊற்றினால் புளிப்பில் பருப்பு விறைத்தே நிற்கும். வடக்கேயிருந்து படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுக் கிச்சடிக்கும் இதற்கும் பொடிதான் வித்தியாசம்.

கெட்டில் மட்டும் இருக்கிறவர்கள் அதில் பால் காய்ச்ச வேண்டாம், பொங்கி வழிந்து அடிப்பிடிக்கும். வெந்நீர் போதும். கெட்டி அவலை வெந்நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து புளிக்காய்ச்சலோ தயிரோ கலந்தால் சாப்பாடு தயார். ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் சேர்த்த கோசுமல்லிக்கு அதுகூட வேண்டாம். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலையில் வடித்த வெறுஞ்சோற்றைச் சித்திரை வெயிலில் அறையில் மூடிவைத்துவிட்டுச் சாயங்காலம் சுடவைத்துச் சாப்பிடக்கூடாது. சோற்றில் பெருகும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.

விடுதிகளில் அடுப்பு கூடாது என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அறையிலுள்ள 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,400 வாட்டுக்கும் குறைவு. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும், அதை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயர் உருகும். அதற்காகத் தடை மட்டும் போட்டால் பிள்ளைகள் ஒளித்துவைத்துச் சமைப்பார்கள். மாடிக்கு ஒரு பொது அடுப்படி கட்டிக்கொடுங்கள். 16 ஆம்பியர் பிளக் இரண்டு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பெயர் எழுதிய பொடிப் பாட்டில்களை வைக்க ஒரு அலமாரி. ஆண்கள் விடுதியிலும்தான்.