தாய்ப்பாலூட்டத் தொடங்குதல்

தாய்ப்பாலூட்டத் தொடங்குதல் என்பது மகப்பேற்றின் பின் ஒரு தாய் தன் குழந்தைக்கு முதன்முறையாகப் பாலூட்டுவதையும், அதனைத் தொடர்ந்து பால் சுரப்பு நிலைபெறும் வரையிலான முதற்சில வாரங்களையும் குறிக்கும். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும் எனவும், முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது எனவும், அதன் பின்னர் இணை உணவுகளுடன் இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தாய்ப்பாலூட்டலாம் எனவும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது.

பாலூட்டுதல் இயற்கையானது, எனவே கற்க வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் தாய், குழந்தை ஆகிய இருவருக்குமே இது பழகிக்கொள்ள வேண்டிய ஒன்றாகும். 2019-21 இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 89 விழுக்காடு பிறப்புகள் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. எனினும் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 42 விழுக்காட்டினர் மட்டுமே. மருத்துவமனையில் பிறப்பதனாலேயே முதற்பால் உரிய நேரத்தில் கிடைத்துவிடுவதில்லை என்பதனை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

பால் சுரக்கும் முறை

கருவுற்ற காலத்தின் நடுப்பகுதியிலேயே மார்பகம் சீம்பாலை உருவாக்கத் தொடங்கிவிடுகின்றது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோசெசுத்தரோன் என்னும் இயக்குநீரின் அளவு விரைந்து குறைகின்றது. இதுவே பால் பெருகுவதற்கான அடையாளக்குறி ஆகும். பெரும்பாலான தாய்மாருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் பெருகி மார்பகம் கனக்கும்.

குழந்தை சப்பும்பொழுது இரண்டு இயக்குநீர்கள் சுரக்கின்றன. புரோலாக்டின் பாலை உருவாக்குகின்றது. ஆக்சிடோசின் பாற்சுரப்பிகளைச் சூழ்ந்த தசைகளைச் சுருங்கச் செய்து பாலை வெளியேற்றுகின்றது. புரோலாக்டின் இரவில் கூடுதலாகச் சுரப்பதால் இரவில் ஊட்டுவதைத் தவிர்ப்பது பாலைக் குறைக்கக்கூடும். ஆக்சிடோசின் தாயின் மனநிலையுடன் தொடர்புடையது. கடும் வலி, அச்சம், வெட்கம் ஆகியவை பால் இறங்குவதைச் சற்று நேரம் தடுக்கலாம். ஆக்சிடோசின் கருப்பையையும் சுருங்கச் செய்வதால், முதல் நாட்களில் பாலூட்டும்பொழுது அடிவயிற்றில் வலி தோன்றுவது இயல்பே.

மார்பகத்திலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகின்றதோ அவ்வளவுக்குப் பால் மீண்டும் உருவாகும். வெளியேறாமல் தேங்கும் பால் தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்கின்றது. பாலூட்டுதல் பற்றிய பெரும்பாலான அறிவுரைகள் இந்த ஒரே அடிப்படையிலிருந்து கிளைத்தவையே.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த குழந்தையைத் துடைத்து, ஆடையின்றித் தாயின் நெஞ்சின் மேல் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிடுவதே முதற்படி ஆகும். இவ்வாறு கிடத்தப்பட்ட குழந்தை தானாகவே ஊர்ந்து மார்பகத்தைக் கண்டடைந்து சப்பத் தொடங்குவதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1987 இல் விரிவாகப் பதிவு செய்தனர். பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குழந்தை விழிப்பாக இருக்கும். அதன் பின்னர் நெடுநேரம் உறங்கிவிடும். குளிப்பாட்டுதல், எடை பார்த்தல், உறவினரிடம் காட்டுதல் ஆகியவற்றில் இந்நேரம் கழிந்துவிடுவது பெரும் இழப்பாகும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காடு பிறப்புகள் அறுவை மூலம் நிகழ்வதாக மேற்கூறிய ஆய்வு தெரிவிக்கின்றது. முதுகுத்தண்டில் மரப்பு மருந்து பெற்ற தாய் விழித்தே இருப்பதால், உதவிக்கு ஒருவர் இருப்பின் அறுவை அறையிலோ மீட்பு அறையிலோ பாலூட்டத் தொடங்கலாம். தையலின் மேல் பாரம் படாதிருக்க, ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையின் உடலைத் தன் கைக்கு அடியில் விலாப்பக்கமாக வைத்தோ ஊட்டுவது எளிது.

சீம்பாலும் சேனையும்

முதல் நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறமான, பிசுபிசுப்பான பால் சீம்பால் எனப்படும். இதில் நோய் எதிர்ப்புப் புரதங்களும் வெள்ளை அணுக்களும் செறிந்துள்ளன. ஒருமுறை குடிக்கும்பொழுது சில மில்லிலிட்டர் அளவே கிடைக்கும். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு வேண்டியதும் அவ்வளவே.

இந்தச் சிறிய அளவே பல வீடுகளில் குழப்பத்திற்குக் காரணமாகின்றது. சீம்பால் கெட்ட பால் எனக் கருதிப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. குடும்பத்தில் மதிப்பிற்குரிய ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தடவுவது தென்மாவட்டங்களில் சேனை வைத்தல் எனப்படுகின்றது. சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. கழுதைப்பால் புகட்டுவோரும் உளர். அன்பினால் செய்யப்படுவன ஆயினும் இவை தீங்கானவை. தேன் ஓராண்டு நிறையாத குழந்தைகளுக்குப் பொட்டுலிசம் என்னும் நச்சு நோயை உண்டாக்கக்கூடியது. கழுதைப்பாலும் தூய்மையற்ற நீரும் நோய்க்கிருமிகளைக் கொண்டு சேர்க்கலாம். சேனை வைக்க விரும்பும் பெரியவரைத் தடுத்து மனம் நோகச் செய்வதை விட, குழந்தையைத் தாயின் மார்பில் சேர்க்கும் முதற்பணியை அவரிடமே ஒப்படைப்பது நயமான வழியாகத் தோன்றுகின்றது.

கோடைக்காலத்தில் கூடத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீரே ஆகும்.

சரியாகப் பற்றுதல்

குழந்தை முலைக்காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலியும் புண்ணும் உண்டாகும். குழந்தைக்கும் பால் போதிய அளவு வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்ல வேண்டும். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, வயிறு தாயின் உடலைத் தொட்டிருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேராக இருக்குமாறு பிடித்து, காம்பினால் மேலுதட்டைத் தொட்டால் குழந்தை வாயை அகலத் திறக்கும். அவ்வேளையில் குழந்தையை மார்பகத்திடம் கொண்டுவர வேண்டுமேயன்றி, தாய் குனிந்து மார்பகத்தைக் குழந்தையிடம் கொண்டுசெல்லலாகாது. புதிய தாய்மாரின் முதுகு வலிக்கு இந்தக் குனிதலும் ஒரு காரணமாகும்.

சரியாகப் பற்றிய குழந்தையின் தாடை மார்பகத்தில் பதிந்திருக்கும். கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்கும். கருவட்டம் வாய்க்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும். தொடக்கத்தில் சில நொடிகள் உறுத்தல் இருக்கலாம். வலி தொடர்ந்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மீண்டும் முயல வேண்டும். பொறுத்துக்கொள் எனக் கூறுவது சரியான அறிவுரை அன்று.

பால் போதவில்லை என்னும் ஐயம்

தாய்ப்பாலூட்டுவதை முன்கூட்டியே நிறுத்துவோர் பலர் கூறும் காரணம் பால் போதவில்லை என்பதே. உண்மையிலேயே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மார் உளர். தைராய்டுக் குறைபாடு, மகப்பேற்றின்போது மிகுந்த குருதிப்போக்கு, முன்னர் செய்த மார்பக அறுவை போன்றவை அதற்குக் காரணமாகலாம். ஆயினும் பெரும்பாலான வேளைகளில் குழந்தையின் இயல்பான நடத்தையே பசி எனத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றது.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். மாலை வேளைகளில் அரைமணிக்கு ஒருமுறை கேட்பதும் உண்டு. குழந்தை அழுகின்றது என்பதற்காகப் புட்டிப்பால் கொடுக்கப்படுகின்றது. வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குடிப்பது குறைகின்றது. பால் வெளியேறாததால் சுரப்பும் குறைகின்றது. மறுநாள் புட்டிப்பால் கூடுகின்றது. இரண்டு வாரங்களில் ஐயம் உண்மையாகிவிடுகின்றது.

மார்பகம் மென்மையாக இருப்பதும், பீய்ச்சினால் சிறிதளவே வருவதும் பால் குறைவிற்குச் சான்றாகா. சிறுநீரும் எடையுமே நம்பத்தக்க அளவுகோல்கள். ஐந்தாம் நாள் முதல் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ வெளிர்நிறச் சிறுநீர் கழிக்க வேண்டும். கரும்பச்சையான முதல் மலம் அதற்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். முதல் நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு; இரண்டு வாரங்களுக்குள் பிறப்பு எடையை மீண்டும் எட்டிவிடும். எடை பத்து விழுக்காட்டிற்கு மேல் குறைந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் துவண்டிருந்தாலோ, மஞ்சள் நிறம் கால்கள் வரை பரவினாலோ உடனடியாக மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்நிலையில் மருத்துவர் கூறும் கூடுதல் பாலை மறுப்பது பிழை. பீய்ச்சிய தாய்ப்பால், கொடைப்பால், மாவுப்பால் ஆகியவற்றுள் கிடைப்பதைப் பாலாடையிலோ கரண்டியிலோ புகட்டலாம். அதே வேளையில் தாய் அடிக்கடி பாலைப் பீய்ச்சி வந்தால் சுரப்பு குன்றாது.

சுறாப்புட்டு, பூண்டு போன்றவை பால் பெருக்கும் எனப் பத்தியத்தில் சேர்க்கப்படுகின்றன. இவை நல்ல உணவுகளே. ஆனால் அடிக்கடி பாலூட்டுவதற்கு இவை மாற்றாகா. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கனிகளையும் குறைப்பது தாயைத் தளர்த்துவதன்றி வேறு பயன் தராது.

பால்கட்டு, காய்ச்சல்

பால் பெருகும் நாட்களில் மார்பகம் கல்லைப் போல் இறுகலாம். ஊட்டுவதற்கு முன் சிறிது பாலைக் கையால் பீய்ச்சினால் கருவட்டம் இளகிக் குழந்தை பற்றுவது எளிதாகும். ஊட்டிய பின் குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். அழுத்திப் பிசைதல் கூடாது. மார்பகத்தின் ஒரு பகுதி சிவந்து, காய்ச்சலும் உடல்வலியும் கண்டால் அது மார்பக அழற்சியாக இருக்கலாம். அப்பொழுதும் பாலூட்டுவதைத் திடீரென நிறுத்தக்கூடாது; ஒரு நாளில் தணியாவிடில் மருத்துவம் தேவை. பெரும்பாலான மருந்துகள் பாலூட்டலுக்கு இடையூறற்றவை. எனினும் மருத்துவரிடம் பாலூட்டுவதைத் தெரிவிக்க வேண்டும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் தமிழர் வழக்கம் புதிய தாய்க்கு ஓய்வையும் துணையையும் தருகின்றது. சமையல், துணி துவைத்தல், விருந்தினரைக் கவனித்தல் ஆகிய சுமைகளை மற்றவர் ஏற்பதே பாலூட்டலுக்கான முதல் உதவி. கணவர் இரவில் குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பதும், துணி மாற்றுவதும் சிறிய பணிகள் அல்ல.

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், அரசு மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவுச் செவிலியர் ஆகியோரிடம் உதவி கேட்கலாம். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர்கள் மகப்பேற்றின் பின் முதல் நாட்களிலேயே வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்க்கின்றனர். தாய்மாருக்குத் தாய்மாரே உதவும் முறைக்கு 1956 இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஏழு பெண்கள் தொடங்கிய லா லெச்சே லீக் முன்னோடி ஆகும். ஏற்கனவே பாலூட்டிய அயல்வீட்டுப் பெண் ஒருவர் அருகில் அமர்ந்து பார்ப்பது, பல வேளைகளில் நூலறிவை விடப் பயன் தரும்.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கிகள் கைகொடுக்கின்றன. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டசு முயற்சியால் தொடங்கப்பட்டது.

சட்டங்களும் ஓரளவு துணைநிற்கின்றன. 1992 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் இந்தியாவில் குழந்தைகளுக்கான மாவுப்பால் விளம்பரங்களையும் இலவச மாதிரிகளையும் தடை செய்கின்றன. மகப்பேற்று விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு வழங்கப்பட்டது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் அமைப்பதும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவர இடமளிப்பதும் கட்டாயமாக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. வயற்கூலி, வீட்டுவேலை, கட்டட வேலை ஆகியவற்றில் உள்ள பெண்களுக்கு இந்த விடுப்பு பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்களுள் பலர் ஆறு மாதத்திற்கு முன்பே வேலைக்குத் திரும்புகின்றனர். அத்தகையோர் வேலைக்குச் செல்லும் முன் பாலைப் பீய்ச்சி, தூய மூடிய கலத்தில் வைத்துச் செல்லலாம். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை அது கெடாது; கடும் கோடையில் அதற்கும் முன்னதாகவே புகட்டிவிடுதல் நன்று.