கலைஞரின் தேடலும் ஆராய்ச்சிதான்

பிரிட்டனில் ஒரு நிறுவனம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டால் வரிச்சலுகை கேட்கலாம். ஆனால் எது ஆராய்ச்சி என்று வரையறுக்கும் அரசு வழிகாட்டி, கலை, மானிடப் புலங்கள், சமூக அறிவியல் ஆகியவற்றில் நடக்கும் வேலையை ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறது. இத்தனைக்கும் 2017-லேயே அந்நாட்டுப் பொருளாதாரத்துக்குப் படைப்புத் தொழில்கள் அளித்த பங்கு 10,000 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. ஆராய்ச்சியை அளக்க உலக நாடுகள் பின்பற்றும், பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் பிராஸ்காட்டி கையேடோ, மனிதர், பண்பாடு, சமூகம் பற்றிய அறிவைப் பெருக்குவதையும் ஆராய்ச்சி என்றே சொல்கிறது. படைப்புத் துறையில் தரவைக் கொண்டு புதுமை செய்வோருக்குப் பொதுப்பணம் தேவையா என்ற கேள்வியை இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தத் துறையில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். நிறுவனங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகள். உழைப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சுயதொழில் செய்பவர். நகை வடிவமைப்பவர், நாடகக் குழு நடத்துபவர், பொம்மலாட்டக்காரர் யாரிடமும் ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு மாதம் வேலையை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றை முயன்றுபார்த்தால் அந்த மாத வாடகை நின்றுபோகும். இவர்களுக்கு இல்லாதது கற்பனை அல்ல. தோற்றுப்பார்க்க ஒரு அவகாசம்.

2018-ல் பிரிட்டன் ஒரு நல்ல காரியம் செய்தது. கலை, மானிடப் புலங்களுக்கான ஆய்வுக் கழகத்தின் வழியே சுமார் 5.6 கோடி பவுண்டு ஒதுக்கி, ஒன்பது இடங்களில் பல்கலைக்கழகங்களையும் உள்ளூர்ப் படைப்பாளிகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. டண்டீயில் வீடியோ கேம், லீட்ஸில் ஆடை வடிவமைப்பு, எடின்பரோவில் தரவு. எடின்பரோத் திட்டத்தின் பெயர் கிரியேட்டிவ் இன்பர்மேட்டிக்ஸ். எடின்பரோ பல்கலைக்கழகம், நேப்பியர் பல்கலைக்கழகம், தொழில்முனைவோர் மையமான கோட்பேஸ், கலைஞர் அமைப்பான கிரியேட்டிவ் எடின்பரோ ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. சிறு தொகைகளாகப் பிரித்து, தனி ஆட்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கொடுத்தார்கள். இன்னொரு வழியும் இருந்தது. ஒரு நிறுவனம் தன் சிக்கலை முன்வைக்கும். அதைத் தீர்க்க முன்வரும் படைப்பாளிக்கு உதவித்தொகை போகும். பெரிய கட்டடத்திலும் இயந்திரத்திலும் முடங்காமல் ஆளின் நேரத்துக்குப் பணம் போனதுதான் இதன் சிறப்பு என்று நினைக்கிறேன்.

ஆனால் நேரம் மட்டும் போதாது. கையில் எடுத்து உழைக்கத் தரவு வேண்டும். அதே நகரில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் 2019-ல் தன் சேகரங்களைக் கணினி படிக்கும் வடிவில் திறந்துவிட்டது. 1768-ல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கிய பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் முதல் நூறாண்டுப் பதிப்புகள் அதில் இருக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவின் நோய், பொதுச் சுகாதாரம் பற்றிய அறிக்கைகளும் இருக்கின்றன. நம் குஜிலி நூல்களைப் போலத் தெருவில் மலிவாக விற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நூல்களும் உண்டு. ஒரே மரச்செதுக்குப் படத்தை அச்சகத்தார் ஒரு நூலில் மாலுமியாகவும் இன்னொன்றில் மணமகனாகவும் பயன்படுத்துவது அக்கால வழக்கம். அத்தனை பக்கங்களிலும் அந்தப் படம் எங்கெங்கே வருகிறது என்பதைக் கணினி தேடித் தரும். அதை வைத்து என்ன செய்யலாம் என்பது ஓவியருக்குத்தான் தோன்றும். கணினி தடுமாறும் இடங்களும் உண்டு. பழைய அச்சில் ‘எஸ்’ எழுத்து நீண்டு ‘எஃப்’ போல இருக்கும். கணினி ‘சன்’ என்ற சொல்லை ‘ஃபன்’ என்று படித்துவிடும். அதைத் திருத்திச் சீர்செய்யும் வேலை வெளியே தெரியாது. அதற்கும் கூலி வேண்டும்.

வெற்றி பெற்றால் லாபம் தனியாருக்குத்தானே, சந்தையே முதல் போடட்டும் என்பார்கள். மருந்துக்கும் விமானத்துக்கும் ஆராய்ச்சி நடந்தபோது அரசு இப்படி ஒதுங்கி நிற்கவில்லை. திரைப்படம், வீடியோ கேம், நாடகத்துக்குத் தனி வரிச்சலுகை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். அது தயாரிப்புச் செலவுக்கானது. எதைத் தயாரிப்பது என்று தெரியாமல் தேடும் காலத்துக்கு அது உதவாது.

இவற்றைவிடக் கனமானது கலைஞர்களே எழுப்பும் அச்சம். தரவு என்ற பெயரில் தங்கள் படைப்பையே இயந்திரத்துக்கு இரையாக்குகிறார்கள் என்கிறார்கள். அச்சம் நியாயமானது. உரிமையாளர் மறுப்புச் சொல்லாதவரை அவர் படைப்பைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றலாம் என்று பிரிட்டிஷ் அரசு யோசனை சொன்னபோது, 2025 பிப்ரவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் ஆளில்லாத ஒலிப்பதிவுக் கூடங்களின் மௌனத்தை இசைத்தொகுப்பாக வெளியிட்டார்கள். ஆனால் கலைஞருக்கு உதவி நின்றால் தரவுத் தொழில்நுட்பம் நின்றுவிடாது. அது பெரிய நிறுவனங்களின் கைக்குப் போய்விடும். அதைக் கையாளும் திறனும், மறுக்கும் உரிமையும் கலைஞரிடமே இருக்க வேண்டுமானால் அவருக்குக் கற்றுக்கொள்ள நேரம் கொடுத்தாக வேண்டும். பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு திட்டத்திலும் படைப்பின் உரிமை படைப்பாளிக்கே என்ற நிபந்தனையும் வேண்டும்.

எனக்கிருக்கும் குறை வேறு. ஒன்பது மையங்களும் சில ஆண்டுக் கெடுவோடு தொடங்கப்பட்டன. கூடிய குழு உழைக்கப் பழகும் நேரத்தில் நிதியின் தவணை முடிந்துவிடுகிறது. இதற்கு நிலையான வழி வரிச்சட்டத்தின் வரையறையைத் திருத்துவதுதான். முடியாத காரியமல்ல. 2023 ஏப்ரலில் அதே வழிகாட்டியைத் திருத்தித் தூய கணிதத்தை ஆராய்ச்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள். கலையை ஒதுக்கும் அந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.