மின்வில்லில் விளையும் உலோகத் தூள்

விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். சுடரிலிருந்து எழும் கரி, குளிர்ந்த தட்டில் மெல்லிய பொடியாகப் படிகிறது. உலோகத்திலிருந்தும் இவ்வாறு மை எடுக்க இயலும்.

புனேயின் சாங்வியில் வாழும் தமிழன்பர்கள் முளா ஆற்றைக் கடந்து, ஔந்த் வழியே சென்றால் கணேஷ்கிண்டில் பல்கலைக்கழகத்தை அடையலாம். 1949இல் தோன்றி, 2014 முதல் சாவித்திரிபாய் புலேயின் பெயரைத் தாங்கி நிற்பது அது. அங்குள்ள பௌதிகத் துறையினர் இம்முறையைக் கையாண்டு, நைட்ரஜன் வாயுவில் அலுமினியத்தை ஆவியாக்கி அலுமினிய நைட்ரைடு நுண்துகள்களைப் பெற்ற செய்தி 2004இல் வெளியாயிற்று.

நீரோட்டத்தால் குளிர்விக்கப்பட்ட எஃகுக் கலத்தில் காற்றை அகற்றி, ஆர்கான் வாயுவை நிரப்புகிறார்கள். மேலே டங்ஸ்டன் முனை. கீழே உலோகத் துண்டு. இடையே மின்வில் மூண்டதும் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. இந்நிலையே பிளாஸ்மா. உஷ்ணம் 10,000 டிகிரியை எட்டும். உலோகம் உருகி, ஆவியாகி, சற்று விலகியதும் குளிர்ந்த வாயுவில் சட்டென உறைகிறது. பெரிதாய் வளர அவகாசமில்லை. ஆதலால் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டருக்குள் பத்து லட்சம் நானோமீட்டர் அடங்கும்.

தனி உலோகத்துடன் காரியம் எளிது. கலப்பு உலோகத்திலேதான் சங்கடம். நம் பித்தளைக் குடத்தையே கொள்வோம். அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். செம்போ 2,500 டிகிரியைத் தாண்டவேண்டும். எனவே முதலில் எழும் ஆவியில் துத்தநாகமே மிகும். எஞ்சுவது பெரிதும் செம்பு. போட்ட விகிதம் தூளில் வருவதில்லை! இரும்பும் நிக்கலும் ஏறக்குறைய ஒத்த உஷ்ணத்தில் கொதிப்பதால் அவற்றின் விகிதம் அதிகம் பிறழாது. ஏனையவற்றில், விரைந்து ஆவியாகும் உலோகத்தை உருகிய குழம்பில் குறைவாக வைத்து, செலவாகச் செலவாக ஊட்டிவர வேண்டும். வில்லை மூட்டுவதைவிட இக்கணக்கே கடினம்.

ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்தைப் பத்து நானோமீட்டர் கனங்களாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். இரசாயன மாற்றங்களைத் துரிதப்படுத்த இத்தூள் பயன்படுவது இப்பரப்பினால்தான். ஆனால் அதே பரப்பு பிராணவாயுவையும் ஆவலுடன் பற்றும். கலத்தை அவசரமாகத் திறந்தால் இரும்புத் தூள் தானே தீப்பிடிக்கக்கூடும். ஆகையால் காற்றைச் சிறுகச் சிறுக உள்ளே விட்டு, ஒவ்வொரு துகளின்மீதும் மெல்லிய ஆக்ஸைடு போர்வை படியும்வரை காத்திருந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே தூளைச் சுரண்டி எடுக்கிறார்கள்.